டால்மேஷியக் கரையில் குடும்பத்தோடு ஒரு வாரப் பாய்ப்படகு: குமரி எல்லையிலிருந்து கிளம்புவோருக்கு

குடும்பத்தோடு முதன்முறை பாய்ப்படகில் போகிறவர்களுக்கு ஐரோப்பாவில் எந்தக் கடல் என்று கேட்டால், குரோவேஷியாவின் டால்மேஷியக் கரை என்றே சொல்வேன். கரைக்கு இணையாகத் தீவுகள் வரிசையாக நிற்பதால் வெளிக்கடலின் பேரலை உள்ளே வருவது குறைவு. ஒரு தீவில் நின்றால் அடுத்த தீவு கண்ணுக்குத் தெரியும். கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் அரை மீட்டர்கூட இல்லை. கிரேக்கத்தின் சைக்லடீஸ் தீவுகள் படத்தில் இதைவிட அழகாக இருக்கலாம். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் அங்கே அடிக்கும் மெல்டெமி காற்று பிள்ளைகளையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு சமாளிக்கிற காற்று இல்லை.

இந்தப் பயணத்தை முடிவிலிருந்து பின்னோக்கித்தான் திட்டமிட வேண்டும். பள்ளி விடுமுறையை முதலில் குறித்து, அதிலிருந்து பின்னே எண்ணி விசா, அதற்கும் பின்னே படகு. கடலிலும் இதே முறைதான்: வெள்ளிக்கிழமை மாலை திரும்பிச் சேர வேண்டிய துறையிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு நாளையும் வைக்க வேண்டும். படகுப் படங்களைப் பார்த்து முன்பணம் கட்டிவிட்டு மற்றதை யோசிப்பவர்கள்தான் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

எந்த மாதம்

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பள்ளி நாட்காட்டி, பாறசாலைப் பக்கம் கேரளத்துடையது. அக்கா குடும்பம் அங்கே, தங்கை குடும்பம் இங்கே என்று இருக்கிற வீடுகளில் இதுதான் முதல் முடிச்சு. இரண்டு பக்கமும் சேர்ந்து கிடைக்கும் நீண்ட விடுமுறை மே மாதம் மட்டுமே. மே மாதத்தில் டால்மேஷியக் கரையை ஒட்டிய ஏட்ரியாட்டிக் கடல்நீர் 17 முதல் 19 டிகிரி. தேங்காய்ப்பட்டணத்திலும் குளச்சலிலும் 28 டிகிரித் தண்ணீரில் குளித்துப் பழகிய பிள்ளைகள் அதில் ஐந்து நிமிடம் நிற்க மாட்டார்கள். மே மாதம்தான் வழி என்றால் கடைசி வாரத்தை எடுங்கள். பிள்ளைகளுக்கு 3 மில்லிமீட்டர் நீச்சலுடை வாங்குங்கள். வாடகை குறைவு, துறைகளில் கூட்டமும் இல்லை என்பது அதன் நல்ல பக்கம்.

ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை தண்ணீர் 24, 25 டிகிரி. ஆனால் வாடகை உச்சத்தில் இருக்கும். மாலை நான்கு மணிக்கு மேல் துறைக்குப் போனால் இடமும் கிடைக்காது.

என் கணக்கில் சிறந்தது செப்டம்பர் முதல் இரண்டு வாரம். தண்ணீரில் வெயில் காலச் சூடு இன்னும் இருக்கும், ஐரோப்பியப் பள்ளிகள் திறந்துவிடுவதால் கூட்டம் வடியும். கேரளப் பள்ளிகளுக்கு ஓண விடுமுறை பத்து நாள். திருவோணம் செப்டம்பரில் வருகிற வருடங்களில் அது அப்படியே பொருந்தும். குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு உள்ளூர் விடுமுறை மட்டும்தான் என்பதால் பள்ளியில் கடிதம் கொடுத்து விடுப்பு வாங்க வேண்டியிருக்கும். அந்தக் கடிதத்தின் நகல் விசாவுக்கும் வேண்டும். காலாண்டுத் தேர்வு முடிந்து செப்டம்பர் கடைசியில் போகலாமா என்றால், போகலாம். ஆனால் பகல் சுருங்கும், தென்கிழக்குக் காற்று அடிக்கடி வரத் தொடங்கும்.

விசாவும் படகும் ஒன்றையொன்று இழுக்கும்

குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதிக்குள் வந்துவிட்டது. அன்றே யூரோவுக்கும் மாறியது. இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்கு உள்ளே வந்துவிட்டால் ஏற்க மாட்டார்கள். வழக்கமான காலம் 15 நாள், 45 நாள்வரை நீளலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இல்லை. 12 வயதுக்குக் கீழே கைரேகை எடுப்பதில்லை. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கடவுச்சீட்டு, திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும். அப்பா வளைகுடாவில் இருக்க, அம்மா மட்டும் பிள்ளைகளைக் கூட்டிப் போகிற வீடுகளில் அப்பாவின் சம்மதக் கடிதத்தை நோட்டரி சான்றோடு வைக்க வேண்டும். வளைகுடாவிலிருந்து நேராக வந்து சேர்கிறவர் தன் விசாவை அங்கேயே, தான் வசிக்கும் நாட்டில், விண்ணப்பிக்க வேண்டும். ஊருக்கு வந்து எல்லோரோடும் சேர்த்துப் போடலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

தங்குமிடச் சான்றாகப் படகு ஒப்பந்தத்தையே வைக்கலாம். அதில் படகின் பெயர், புறப்படும் துறை, தேதிகள், பயணம் செய்கிற ஒவ்வொருவரின் பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் பதிவு செய்தவர் பெயர் மட்டும் இருந்தால் மற்றவர்களின் விண்ணப்பம் தடைபடும். ஆகவே ஆட்களின் பட்டியலைத் தனித்தாளில் முத்திரையோடு கேட்டு வாங்குங்கள். படகுக்கு முந்திய வெள்ளி இரவுக்கும் பிந்திய சனி இரவுக்கும் ஓட்டல் பதிவைச் சேர்த்து வையுங்கள்.

பணம் கட்டும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் முகவரிடம் படகைச் சில நாளுக்குப் பணமில்லாமல் பிடித்துவைக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அந்த நாட்களுக்குள் விசா மறுக்கப்பட்டால் முன்பணம் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிறகுதான் பணம். வழக்கமாகப் பதிவின்போது பாதி, புறப்பட ஒன்றிரண்டு மாதம் இருக்கும்போது மீதி. வங்கி வழியாக அனுப்பும்போது ஏ2 படிவமும் பான் எண்ணும் கேட்பார்கள். ஒப்பந்த நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் பயணத்துக்கு டிசம்பர், ஜனவரியில் படகைப் பிடித்தால் முன்பதிவுத் தள்ளுபடி கிடைக்கும், மார்ச்சில் விசாவும் தொடங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. கரையின் தென்கோடியில் உள்ள டுப்ரோவ்னிக் பக்கம் படகெடுத்தால் மான்டினீக்ரோவின் கோட்டோர் விரிகுடா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அது ஷெங்கன் நாடு அல்ல. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு அங்கே போனால் திரும்பி வர வழி இல்லை. பேருந்தில் டால்மேஷியக் கரையின் பெரிய துறைநகரான ஸ்பிளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போகும்போதும் பழைய சாலை, ஷெங்கனுக்கு வெளியே உள்ள போஸ்னியாவின் நேயும் ஊருக்குள் புகுந்து போகும். 2022 ஜூலையில் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலம் வழியாகப் போகும் பேருந்துதானா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

எந்தப் படகு, யார் ஓட்டுவது

குரோவேஷியாவில் படகை நீங்களே ஓட்ட, அந்நாட்டுக் கடல் அமைச்சகம் ஏற்கும் பட்டியலில் உள்ள உரிமமும் விஎச்எஃப் (படகுகளும் கரையும் பேசிக்கொள்ளும் வானொலி) இயக்கும் சான்றும் வேண்டும். நம் கரையில் சிறுவயதிலிருந்து கடலுக்குப் போய்ப் பழகியவருக்கும் இதில் விலக்கு இல்லை. விழிஞ்ஞத்திலோ சின்னத்துறையிலோ வள்ளம் ஓட்டும் கைத்திறன் அங்கே பெரிதாக உதவும், ஆனால் காகிதமாக நிற்காது. ஆகவே முதல் பயணத்துக்கு அங்குள்ள ஸ்கிப்பரை, அதாவது உரிமம் உள்ள படகோட்டியை, அமர்த்துவதே சரி. நாள் சம்பளம் சுமார் 200 யூரோ, சாப்பாடு உங்கள் பொறுப்பு.

ஸ்கிப்பருக்கு ஒரு அறை வேண்டும். இதைக் கணக்கில் எடுக்காமல் பதிவு செய்கிறவர்கள் அதிகம். நான்கு அறைப் படகு என்றால் குடும்பத்துக்கு மூன்று. விளம்பரத்தில் '8+2' என்று இருந்தால் அந்த இரண்டு, சாப்பாட்டு மேசையை இறக்கிப் போடும் படுக்கை. அங்கே படுப்பவர் எல்லோரும் எழும் முன் எழ வேண்டும். பாட்டா, பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் நான்கு அறையும் இரண்டு கழிப்பறையும் உள்ள 42 முதல் 45 அடிப் படகு போதும். படகின் பதிவுத் தாளில் உள்ள ஆள் எண்ணிக்கையில் கைக்குழந்தையும் ஒரு ஆள்.

ஒற்றை உடல் படகா, இரட்டை உடல் கொண்ட கட்டமரனா? முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வந்தால் தயங்காமல் கட்டமரன். ஒற்றை உடல் படகு பாயில் ஓடும்போது 15, 20 டிகிரி சாயும். உள்ளே இறங்கும் படிகள் ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும். கட்டமரன் சாயாது, சமையலறையும் அமரும் இடமும் ஒரே தளத்தில் இருக்கும். வாடகை ஏறக்குறைய இரண்டு மடங்கு, துறைக் கட்டணமும் கூடுதல். பெரியவர்கள் இல்லாத குடும்பம் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். பாய் இழுத்து ஓடுகிற சுகமும் ஒற்றை உடல் படகில்தான்.

செப்டம்பர் தொடக்கத்தில் சில வருடம் ஓடிய 42 முதல் 45 அடிப் படகுக்கு வாரம் 2,500 முதல் 4,000 யூரோவரை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஸ்கிப்பர் 1,400, முடிவுச் சுத்தமும் படுக்கை விரிப்பும் 200 முதல் 300, டீசல் 150 முதல் 250. துறைகளில் ஓர் இரவுக்கு 100 யூரோவைத் தாண்டும். விரிகுடாக்களில் மிதவையில் கட்டினால் அதில் பாதி. பிணைத்தொகை 2,000 முதல் 3,000 யூரோவரை கிரெடிட் கார்டில் நிறுத்திவைப்பார்கள். டெபிட் கார்டு செல்லாது என்று பல இடங்களில் சொல்கிறார்கள், கார்டின் வெளிநாட்டு வரம்பை வங்கியில் பேசி முன்பே உயர்த்துங்கள்.

காற்று

குமரிக் கடலில் பருவத்தை வைத்துக் காற்றைச் சொல்லிவிடலாம். அங்கே மணியை வைத்துச் சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் வடமேற்கிலிருந்து வரும் மாஎஸ்ட்ரால், கரை சூடேறுவதால் உண்டாகும் கடற்காற்று. காலை பத்து, பதினொன்றுக்கு எழும், மூன்று மணி வாக்கில் உச்சம், சூரியன் சாயும்போது அடங்கும். காற்றின் வலுவைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 3 முதல் 5வரை. குடும்பப் பயணம் இந்தக் காற்றில்தான் ஓட வேண்டும்.

யூகோ என்பது தென்கிழக்குக் காற்று. திடீரென்று வராது; வானம் மங்கி, காற்று ஈரமாகி, ஓரிரு நாளாக வலுத்து, மழையோடும் நீண்ட அலையோடும் வரும். நம் கள்ளக்கடல் என்னும் பேரலை காற்றில்லாத நாளில் எச்சரிக்கையின்றி வரும் என்றால், யூகோ சொல்லிவிட்டு வரும். கேட்காதவர்தான் சிக்குவார். பூரா என்னும் காற்று இதற்கு நேர் மாறானது. வடகிழக்கு மலைகளைத் தாண்டி விழும் குளிர்காற்று, வானம் பளிச்சென்று இருக்கும்போதே அறைகிற மாதிரி அடிக்கும். மலைமுகட்டில் வெள்ளை மேகம் தொப்பிபோல உட்கார்ந்தால் பூரா வருகிறது என்று அர்த்தம். வெயில் காலத்தில் ஒன்றிரண்டு நாளில் முடியும். பிற்பகலில் மேற்கே கறுத்து எழும் இடிமழை நெவேரா; அரை மணி, ஒரு மணி நேரம்தான், ஆனால் அது வரும் முன் பாய் முழுதும் இறங்கியிருக்க வேண்டும்.

குரோவேஷிய வானிலைத் துறையின் கடல் அறிக்கையைக் காலையும் மாலையும் படியுங்கள். ஸ்பிளிட் ரேடியோ விஎச்எஃப்பில் ஆங்கிலத்திலும் வாசிக்கிறது. அவசர அழைப்புக்கு விஎச்எஃப் 16, கைபேசியில் கடல் மீட்புக்கு 195, பொதுவாக 112. துறைகளை அழைக்க 17.

ஒரு வார ஓட்டம்

படகு சனி மாலை ஐந்து மணிக்குக் கைக்கு வரும், அடுத்த சனி காலை ஒன்பதுக்குத் திருப்பித் தர வேண்டும். வெள்ளி மாலை ஆறுக்குள் துறைக்கு வந்திருக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கும். எனவே ஓடுவதற்கு ஆறு நாள். நாளுக்கு 12 முதல் 15 கடல் மைல், அதாவது மூன்று மணி நேர ஓட்டம்தான் பிள்ளைகளின் பொறுமைக்கு அளவு. முதல் நாளே ஹ்வார் தீவைப் பிடிக்க 25 மைல் ஓடினால், வாரம் முழுதும் பிள்ளைகள் படகு என்றாலே முகம் சுளிப்பார்கள்.

சனிக்கிழமை புறப்படவே வேண்டாம்; சாமான் அடுக்கி, படகைச் சோதித்து, அங்கேயே தூங்குங்கள். ஸ்பிளிட்டை அடுத்த காஷ்டெலா துறையிலிருந்து ஞாயிறு காலை பிராச் தீவின் மில்னாவுக்குச் சுமார் 15 மைல். எல்லாக் காற்றுக்கும் மறைவான துறை, முதல் கட்டுக்கு ஏற்றது. திங்கள் அங்கிருந்து ஹ்வார் தீவின் ஸ்டாரி கிராடுக்கு 12. கி.மு. 384இல் பரோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர் குடியேறிய ஊர் இது. அவர்கள் அளந்து பிரித்த வயல் வரப்புகள் இன்றும் கல்சுவர்களாக நிற்கின்றன, 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. வாடகை சைக்கிளில் பிள்ளைகளோடு சுற்றச் சமதரை. செவ்வாய் ஹ்வாரின் மேற்கு முனையைச் சுற்றிப் பாக்லெனி தீவுகளில் பால்மிஜானாவுக்கு 13. ஹ்வார் நகரத்துக்கு அங்கிருந்து வாடகைப் படகு போகும். நகரத் துறையிலேயே கட்ட முயல வேண்டாம். இரவு முழுதும் சத்தமும் அலையும்.

புதன் காலைதான் முடிவெடுக்கும் நேரம். அறிக்கையில் யூகோ இருந்தால் விஸ் தீவை விட்டுவிடுங்கள். பாக்லெனியில் ஒரு நாள் கூடத் தங்கி, வியாழன் ஷோல்டா தீவுப் பக்கம் வந்துவிடலாம். இல்லையென்றால் விஸ் நகருக்கு 12 மைல். யூகோஸ்லாவியக் காலத்தில் 1989வரை ராணுவத் தளமாக வெளிநாட்டவருக்கு மூடியிருந்த தீவு, அதனாலேயே கட்டடம் பெருகாமல் தப்பியது. படகை விஸ் நகரில் விட்டுவிட்டு, தீவின் மறுபக்கத்துக் கொமிஜாவுக்குப் பேருந்தில் போங்கள், சுமார் 10 கிலோமீட்டர். நம் கரைக்காரர்கள் தவறவிடக் கூடாத ஊர் அது. சாளை மீனுக்காக ஐந்து பேர் துடுப்பு வலித்து 40 கடல் மைலுக்கு அப்பால் உள்ள பாலக்ரூஜா தீவுவரை போன ஃபல்கூஷா வள்ளத்தின் கதை, கடற்கரைக் கோட்டையில் உள்ள மீன்பிடி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முக்கோணப் பாய், கழற்றி மாட்டும் பக்கப் பலகைகள். அலை அதிகமானால் மாட்டுவார்கள், துடுப்பு வலிக்கும்போது எடுத்துவிடுவார்கள். பிஷேவோ தீவின் நீலக் குகைக்கும் கொமிஜாவிலிருந்தே சிறுபடகு உண்டு. வாடகைப் பாய்ப்படகு குகைக்குள் போக முடியாது. வெளிச்சம் சரியாக விழுவது காலை 11க்கும் நண்பகலுக்கும் இடையே. அலை இருந்தால் மூடிவிடுவார்கள்.

வியாழன் விஸ் நகரிலிருந்து ஷோல்டாவின் மஸ்லினிட்சாவுக்கு 20 மைல், வாரத்தின் நீண்ட நாள். காலை ஏழு மணிக்கே கிளம்புங்கள். வெள்ளி 14 மைல், நண்பகலுக்குள் டீசல் பம்புக்கு. மாலை நான்கு மணிக்குப் போனால் ஏராளமான படகுகள் ஒரே பம்புக்கு வரிசையில் நிற்கும்.

துறையில் கட்டும் பத்து நிமிடம்

விபத்து நடப்பது நடுக்கடலில் அல்ல, துறையில். இங்கே படகின் பின்பக்கத்தைத் துறை மேடைக்குக் கொடுத்துக் கட்டுவார்கள். அணியத்தை (படகின் முன்முனையை) பிடிக்க, கடலடிக் கான்கிரீட்டில் கட்டிய கயிறு ஒன்று மேடை விளிம்பில் தொங்கும். ஸ்கிப்பர் பின்னோக்கி வரும் முன்பே இரு பக்கமும் மோதுதடுப்புப் பைகள் தொங்க வேண்டும், பின் கயிறுகள் இரண்டும் சுருளவிழ்ந்து தயாராக இருக்க வேண்டும். காற்று வரும் பக்கத்துப் பின்கயிற்றை முதலில் கொடுங்கள். மாற்றிக் கொடுத்தால் அணியம் காற்றோடு சுழன்று பக்கத்துப் படகில் விழும். பிறகு ஒருவர் கம்பிக்கொக்கியால் அந்தக் கடலடிக் கயிற்றைத் தூக்கி, கையிலேயே பிடித்தபடி முன்னே நடந்து, இறுக்கி அணியத்தில் கட்ட வேண்டும். சிப்பி ஒட்டிய கயிறு, தோல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அந்தக் கயிறு படகின் பின்பக்கம் தண்ணீரில் இருக்கும் வரை எஞ்சின் நியூட்ரலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விசிறியில் சுற்றும், மூழ்காளி வந்து அறுக்கும் செலவு உங்கள் பிணைத்தொகையில் போகும்.

45 அடிப் படகின் எடை பத்து டன். மேடைக்கும் படகுக்கும் இடையில் காலை நீட்டித் தள்ள யாரையும் விடாதீர்கள். பிள்ளைகள் அந்தப் பத்து நிமிடம் உள்ளே உட்கார்ந்திருக்கட்டும்.

விரிகுடாவில் நங்கூரம் போட்டால், ஆழத்தைப் போல் குறைந்தது நான்கு மடங்கு சங்கிலி விடுங்கள். மணல் தரை வெளிர்நீலமாகத் தெரியும். கரும்பச்சையாக இருந்தால் பொசிடோனியா கடற்புல், நங்கூரம் பிடிக்காது, அந்தப் புல் பாதுகாக்கப்பட்டதும்கூட. சங்கிலி விட்டபின் எஞ்சினைப் பின்னோக்கி மெல்லக் கூட்டி, கரையிலுள்ள இரண்டு அடையாளங்கள் நகராமல் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

சமையல், தண்ணீர், கழிப்பறை

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருட்கள் எதுவும் கொண்டுபோக முடியாது. நெய்யும் இதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் தாவரச் சான்று இல்லாமல் பிடுங்கிவிடுவார்கள். தேங்காய், வாழைப்பழம், அன்னாசிக்குச் சான்று தேவையில்லை. மீன் ஆளுக்கு 20 கிலோவரை அனுமதி என்பதால் கருவாட்டுக்கும் தடை இல்லை. ஆனால் மூடிய படகறையில் அதன் மணம் வாரம் முழுதும் நிற்கும். வறுத்து அரைத்த மீன்மசாலா, புளி, சம்மந்திப் பொடி, அவல், ரவை போதும். கோழி, காய்கறி, பால் எல்லாம் ஊர்க் கடைகளில் உண்டு. சாளையும் அயலையும் காலைச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். தூண்டில் போட ஆசையிருந்தால் அனுமதிச் சீட்டை முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள்; சும்மா ஒரு தூண்டில் என்றாலும் அபராதம் உண்டு.

அடுப்பு படகோடு சேர்ந்து ஆடாமல் தானாகச் சமநிலையில் நிற்கும். பாத்திரத்தைப் பிடிக்கும் கம்பிக் கவ்விகள் 3 லிட்டர் குக்கரைப் பிடிக்கும், 5 லிட்டரைப் பிடிக்காது. குத்தரிசி எரிவாயுவைத் தின்றுவிடும். சிலிண்டர் 3 கிலோ அளவுதான் என்பதால், பச்சரிசிக்கு மாறுங்கள் அல்லது முந்திய இரவே ஊறப்போடுங்கள். ஒவ்வொரு முறை சமைத்ததும் சிலிண்டர் வால்வை மூடுங்கள்: எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் வெளியே போகாமல் படகின் அடிப்பள்ளத்தில் தேங்கும். மிக்ஸி துறையின் மின்சாரத்தில் மட்டுமே ஓடும். விரிகுடாவில் 12 வோல்ட் மின்கலம்தான், அதையும் குளிர்பெட்டி இழுத்துக்கொள்ளும். நாளுக்கு இரண்டு மணி நேரமாவது எஞ்சின் ஓட வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி சுமார் 500 லிட்டர். ஏழு பேர் ஆளுக்கு 25 லிட்டர் என்றால் மூன்று நாளுக்குள் காலி. இரண்டு நாளுக்கு ஒருமுறை துறையில் நிரப்புங்கள்.

கழிப்பறையைப் பற்றி யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் பெரியவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். கைக்கழுவும் குழாயே இழுத்தால் நீளும் கைத்தூவியாக இருக்கும், கழுவ அதுவே போதும். காகிதம், ஈரத்துணி, நாப்கின் எதையும் உள்ளே போடக் கூடாது. குழாய் 4 சென்டிமீட்டர் அகலம்கூட இருக்காது. அடைத்தால் முழுப்படகும் நாறும், பணமும் போகும். கைநெம்புகோல் உள்ள கழிப்பறையில் இருபது முறை அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கழிவு வளைவிலேயே நிற்கும். கழிவைத் தேக்கும் தொட்டியின் வால்வு விரிகுடாவில் மூடியும், கரையை விட்டு விலகிய பின் திறந்தும் இருக்கட்டும்.

பிள்ளைகளும் பெரியவர்களும்

உயிர்க்கவசச் சட்டையின் அளவு வயதால் அல்ல, எடையால். பதிவின்போதே ஒவ்வொரு பிள்ளையின் கிலோவையும் எழுதிக் கொடுங்கள், சனிக்கிழமை கேட்டால் பெரியவர் அளவுதான் மிஞ்சியிருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குத் தலையை நிமிர்த்தும் கழுத்துப்பட்டி உள்ளதை வாங்குங்கள். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் பக்கக் கம்பிகளுக்கு வலை கட்டித் தரச் சொல்லுங்கள், சிறு கட்டணம்தான்.

சேலையும் வேட்டியும் துறையில் இறங்கிய பிறகு. படகில் அவை கயிற்றுக் கொக்கிகளிலும் கயிற்றை இழுக்கும் உருளையான வின்ச்சிலும் சிக்கும், சுடிதாரோ பேன்டோ போட்டால் பாட்டிக்கும் நடக்க எளிது. மேடைக்கும் படகுக்கும் இடையே போடும் பலகை ஒரு முழ அகலம்கூட இருக்காது. பெரியவர்கள் ஏற, இறங்க இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும். தரையில் கடல்முள்ளி அதிகம் என்பதால் எல்லோருக்கும் ரப்பர் செருப்பு. சூட்கேஸ் வைக்க இடமே இல்லை, மடக்குகிற பை மட்டும் எடுங்கள்.

வாந்தி வருகிறவர்கள் உள்ளே படுக்கப் போனால் கூடும். வெளியே, நடுப்பகுதியில், தொடுவானத்தைப் பார்த்து உட்கார வேண்டும். முடிந்தால் சுக்கானைப் பிடிக்கக் கொடுங்கள், ஆச்சரியமாகத் தெளிவார்கள். வெறும் வயிறு கூடாது. மாத்திரையைப் படகு ஆடத் தொடங்கிய பின் விழுங்கிப் பயனில்லை, புறப்படும் முன்பே போட வேண்டும். பிள்ளைகளுக்கு எது, எவ்வளவு என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். எல்லோருக்கும் இது ஒத்துவருமா என்று ஐயமிருந்தால், பணம் கட்டும் முன் மழைக்காலம் கழிந்த பிறகு கொச்சியில் ஓர் அரைநாள் கடலில் போய்ப் பாருங்கள்.

போவதும் வருவதும்

திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழிதான். தோஹா வழியாக ஜாக்ரெப் போய், அங்கிருந்து ஸ்பிளிட்டுக்குச் சுமார் 400 கிலோமீட்டர் பேருந்தில் வரலாம். வேறு ஐரோப்பிய நகரம் வழியாகவும் ஸ்பிளிட் போகலாம். அப்போது குடியேற்றச் சோதனை முதல் ஷெங்கன் விமான நிலையத்தில் நடக்கும். 2025 அக்டோபர் 12 முதல் விரல்ரேகை, முகப்படம் பதியும் புதிய முறை வந்திருப்பதால் அங்கே மூன்று மணி நேர இடைவெளியாவது வையுங்கள். வெள்ளி இரவே ஸ்பிளிட் சேருவது நல்லது, தவறிய பையைத் தேடிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்காகப் படகு காத்திருக்கலாம், ஆனால் வாரம் நீளாது.

சனி மாலை படகைக் கையில் வாங்கும்போது கைபேசியில் காணொளி எடுங்கள்: அணியத்தின் கீறல், பாயின் தையல், சிறுபடகின் ரப்பர், சுக்கான், டீசல் அளவு. ஒவ்வொரு கழிப்பறையையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உயிர்க்கவசங்களை எண்ணுங்கள். பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டால் முந்தைய வாரத்துக் கீறலும் உங்களுடையதுதான். திருப்பித் தரும் வெள்ளி மாலை மூழ்காளி ஒருவர் அடிப்பகுதியைப் பார்ப்பார். அவர் அறிக்கை வந்து, பிணைத்தொகையை விடுவித்த தாளைக் கையில் வாங்கிய பின்பே சனி காலை விமான நிலைய வண்டியைக் கூப்பிடுங்கள். திரும்பும் விமானத்தைச் சனி இரவுக்கோ ஞாயிறுக்கோ போடுவது அதனால்தான்.